சரக்கு மாறினால் திறமை கைகொடுக்குமா? தாமஸ் வாட்சனின் வாழ்வு தரும் விடை

நம் ஜமாஅத்தில் வணிகத்தையே வாழ்வாதாரமாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. தந்தை நடத்திய ஜவுளிக்கடையை விட்டு மகன் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகச் செல்வதும், வளைகுடா நாட்டில் மளிகைக் கடையில் நின்றவர் ஊர் திரும்பி வீட்டுமனைத் தொழிலில் இறங்குவதும், தோல் வணிகத்தில் இருந்தவர் செல்பேசிக் கடை வைப்பதும் நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சிகளே. அவ்வாறு துறை மாறுகின்ற ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு கேள்வி எழுகின்றது. ஒரு சரக்கை விற்றுப் பழகிய திறமை வேறொரு சரக்கை விற்கும்போது கைகொடுக்குமா? அல்லது அரிச்சுவடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டுமா?

பேசத் தெரிந்தவன் எதையும் விற்றுவிடுவான் என்று கூறுவோர் ஒரு சாரார். தொழில் மாறினால் பழைய அனுபவம் செல்லாக்காசு என்று கூறுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளில் எது உண்மை என்பதை வாதத்தால் முடிவு செய்வதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கையை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வது பயன் தரும். இசைக்கருவி, தையல் இயந்திரம், நிறுவனப் பங்கு, இறைச்சி, பணப்பதிவு இயந்திரம், தராசு, கணக்கீட்டு இயந்திரம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களை விற்று, வீழ்ந்து, எழுந்து, இறுதியில் ஐ.பி.எம். என்று உலகம் அறிந்த பெரும் நிறுவனத்தை நாற்பதாண்டுகளுக்கு மேல் நடத்தியவர் அமெரிக்கரான தாமஸ் ஜான் வாட்சன். அவருடைய வாழ்வில் பின்பற்றத்தக்கவையும் உள்ளன, விலக்கத்தக்கவையும் உள்ளன. இரண்டையும் மறைக்காமல் காண்போம்.

பிறப்பும் இளமையும்

வாட்சன் 1874ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் கேம்ப்பெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விவசாயமும் மரவணிகமும் செய்து வந்தார். நான்கு சகோதரிகளுக்குப் பின் பிறந்த ஒரே ஆண்மகன் வாட்சன். மகன் சட்டம் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனோ ஆசிரியர் பணியை நாடினார். ஆனால் வகுப்பறையில் ஒரே ஒரு நாள் நின்றவுடன் அப்பணி தமக்கு ஒத்துவராது என்று விலகிவிட்டார். பின்னர் எல்மைரா நகரின் வணிகப் பள்ளியில் கணக்கியல் பயின்று 1891இல் வெளிவந்தார். பெயின்டட் போஸ்ட் என்னும் ஊரிலிருந்த இறைச்சிக் கடையொன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. வாரம் 6 டாலர் சம்பளம்.

அந்தக் கடையில் அவர் ஒன்றையும் விற்கவில்லை. பேரேட்டை மட்டுமே எழுதினார். ஆயினும் ஒரு சிறு கடையின் பணம் எவ்வழியில் வருகின்றது, எவ்வழியில் கசிகின்றது என்பதை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிடைத்தது. இது பின்னாளில் எவ்வாறு பயன்பட்டது என்பதை நாம் காணவிருக்கிறோம்.

வண்டியில் சென்ற வணிகம்

ஓராண்டுக்குப் பின் அவ்வூர் இரும்புக்கடை உரிமையாளரிடம் விற்பனையாளராகச் சேர்ந்தார். பியானோ, ஆர்கன் முதலிய இசைக்கருவிகளையும் தையல் இயந்திரங்களையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணை வீடுகளுக்குச் சென்று விற்பதே வேலை. முதலில் மூத்த விற்பனையாளர் ஒருவருடன் சென்று தொழில் கற்றார். அவர் விலகியபின் தனியாகவே வண்டியை ஓட்டினார். சம்பளம் வாரம் 10 டாலர்.

பண்ணை வீட்டில் இசைக்கருவி என்பது அத்தியாவசியப் பொருளன்று. அதனை வாங்கச் செய்வதற்கு நயமான பேச்சும், குடும்பத்தாரின் மனமறிந்து நடக்கும் பாங்கும், மறுப்பைப் புன்னகையுடன் ஏற்கும் பொறுமையும் தேவைப்பட்டன. வாட்சன் இம்மூன்றையும் அந்தப் புழுதிச் சாலைகளில் கற்றார். இரண்டாண்டுகள் சென்றபின் ஓர் உண்மையை அவர் அறிந்தார். தாம் விற்ற சரக்குக்குக் கமிஷன் அடிப்படையில் ஊதியம் தரப்பட்டிருந்தால் வாரந்தோறும் 70 டாலர் கிடைத்திருக்கும்! தம் உழைப்பின் மதிப்பை அறியாமலேயே இரண்டாண்டுகளைக் கழித்துவிட்டதை உணர்ந்த அவர், அவ்வேலையை விட்டுப் பஃபலோ நகருக்குச் சென்றார்.

அடுக்கடுக்காய் வந்த வீழ்ச்சிகள்

நன்றாக விற்கத் தெரிந்த இளைஞர் பெரிய நகரத்திற்குச் சென்றால் உடனே முன்னேறிவிடுவார் என்றே நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. தையல் இயந்திர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். ஒரு நாள் விற்பனை முடிந்த மகிழ்ச்சியைக் கொண்டாட வழியிலிருந்த மதுக்கடைக்குள் நுழைந்து அளவுக்கு மீறிக் குடித்துவிட்டார். வெளியே வந்து பார்த்தபோது குதிரையையும் காணவில்லை, வண்டியையும் காணவில்லை, மாதிரிக்காக ஏற்றி வந்த இயந்திரங்களையும் காணவில்லை. நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியதுடன் இழந்த பொருளுக்கான தொகையையும் கேட்டது. செய்தி பரவியதால் ஓராண்டுக்கு மேலாக நிலையான வேலை எதுவும் கிடைக்கவில்லை என்று அவருடைய மகன் பின்னாளில் எழுதிய நினைவு நூலில் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் தம் நிறுவனத்தில் மதுவுக்கு இடமில்லை என்று வாட்சன் கண்டிப்புடன் இருந்தமைக்கு இந்நிகழ்ச்சியே காரணமாகக் கூறப்படுகின்றது.

அடுத்து, வீடு கட்டக் கடன் வழங்கும் சங்கம் ஒன்றின் பங்குகளை விற்கும் வேலை. பேரன் என்னும் ஆடம்பர மனிதர் ஒருவருடன் இணைந்து ஊர் ஊராகச் சென்றார். பகட்டான உடையும் படாடோபமான பேச்சுமே பேரனுடைய மூலதனம். விற்பனை நடந்தது. ஒரு நாள் பேரன் பணத்துடன் தலைமறைவானார். வாட்சன் பஃபலோவில் தொடங்கிய இறைச்சிக் கடையும் நிலைக்கவில்லை. கையில் பணமும் இல்லை, வேலையும் இல்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இந்த மூன்று வீழ்ச்சிகளில் ஒன்றுகூட விற்கத் தெரியாமையால் வந்ததன்று. முதலாவது, தன்னடக்கம் தவறியதால் வந்தது. இரண்டாவது, யாருடன் கூட்டுச் சேருகிறோம் என்று ஆராயாததால் வந்தது. மூன்றாவது, விற்பது வேறு, கடை நடத்துவது வேறு என்னும் பாடத்தைக் கற்பித்தது. கொள்முதல், இருப்பு, முதலீடு, செலவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது தனித் திறமை. நன்கு விற்பவரெல்லாம் நல்ல முதலாளி ஆகிவிடுவதில்லை. நம் ஊர்களிலும் பெரிய கடைகளில் சிறந்த விற்பனையாளராக விளங்கியவர், தனிக்கடை வைத்த ஓரிரு ஆண்டுகளில் அதனை மூட நேர்ந்த நிகழ்ச்சிகளை நாம் அறிவோம்.

தோற்ற கடை திறந்துவிட்ட கதவு

மூடப்பட்ட இறைச்சிக் கடையில் ஒரு பொருள் எஞ்சியிருந்தது. தவணை முறையில் வாங்கிய பணப்பதிவு இயந்திரம் அது. விற்கும் ஒவ்வொரு பொருளின் தொகையையும் பதிவு செய்து, மணியடித்துக் கல்லாப் பெட்டியைத் திறக்கும் அந்த இயந்திரத்தை ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனம் தயாரித்து வந்தது. மீதித் தவணையைக் கடையின் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றுவதற்காக அந்நிறுவனத்தின் பஃபலோ அலுவலகத்திற்கு வாட்சன் சென்றார். சென்றவர், அலுவலகத் தலைவர் ஜான் ரேஞ்ச் என்பவரிடம் வேலையும் கேட்டார். ரேஞ்ச் மறுத்தார். வாட்சன் மீண்டும் மீண்டும் சென்றார். 1896ஆம் ஆண்டு நவம்பரில் பயிற்சி விற்பனையாளராக வேலை கிடைத்தது.

வண்டியேற்றி ஆர்கன் விற்றவருக்கு இது எளிதாயிருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தொடக்க நாட்களில் ஓர் இயந்திரத்தைக்கூட அவரால் விற்க முடியவில்லை. ரேஞ்ச் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்ததோடு விட்டுவிடாமல், தாமே அவருடன் கடை கடையாகச் சென்று எவ்வாறு விற்பது என்று நடத்திக் காட்டினார். பழைய திறமை ஏன் பலிக்கவில்லை? காரணம் தெளிவானது. ஆர்கன் வாங்கும் குடும்பத்திற்கு அது மகிழ்ச்சி தரும் பொருள். பணப்பதிவு இயந்திரமோ கடைக்காரருக்கு ஒரு செலவு. கடைச் சிப்பந்திக்கோ அது தன் நேர்மையைச் சந்தேகிக்கும் ஒற்றன். மனத்தை மகிழ்விக்கும் பேச்சு அங்கே எடுபடாது. கடைக்காரர் அறியாமல் அவருக்கு நேரும் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டினால்தான் அவர் செவிசாய்ப்பார்.

இவ்விடத்தில்தான் பெயின்டட் போஸ்ட் கடையில் எழுதிய பேரேடும், பஃபலோவில் மூடிய இறைச்சிக் கடையும் கைகொடுத்தன. கடைக்காரரின் நாற்காலியில் தாமே அமர்ந்திருந்தவர் வாட்சன். அன்றாடக் கணக்கு ஒத்துவராதபோது ஏற்படும் கலக்கம் அவருக்குத் தெரியும். அவருடைய முதலாளியாகிய ஜான் ஹென்றி பேட்டர்சன் வரலாறும் இதைப் போன்றதே. நிலக்கரி வணிகம் செய்து வந்த பேட்டர்சன், தம் தொழிலாளர்களுக்கான கடையில் வருவாய் கசிவதைத் தடுக்கவே முதலில் பணப்பதிவு இயந்திரங்களை வாங்கினார். அதன் பயனைக் கண்டு, 1884இல் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். இருவருமே விற்பதற்கு முன் வாங்கியவர்கள். ஆர்கன் விற்ற அனுபவத்தைக் காட்டிலும், வாங்குபவராய் இருந்த அனுபவமே வாட்சனுக்கு அதிகம் உதவியது.

பேட்டர்சன் விற்பனையை ஒரு கல்வியாகவே ஆக்கியவர். 1887இல் தம் நிறுவனத்திற்கென விற்பனைக் கையேடு ஒன்றைத் தயாரிக்கச் செய்தார். அணுகுதல், எடுத்துரைத்தல், இயக்கிக் காட்டுதல், முடித்தல் என்று விற்பனையை நான்கு படிகளாக அது வகுத்தது. இயந்திரத்தின் சக்கரங்களைப் பற்றிப் பேசாமல் கடைக்காரரின் தேவையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அதன் சாரம். வாடிக்கையாளர்கள் வந்துபோகும் கடையில் வைத்துப் பேசாமல், அருகிலுள்ள விடுதி அறையில் இயந்திரத்தை நிறுத்தி அமைதியாக விளக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த முறை. 1894இல் விற்பனையாளருக்கான பயிற்சிப் பள்ளியையும் டேட்டனில் தொடங்கினார். இப்பயிற்சியைப் பெற்ற வாட்சன் சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் தலைசிறந்த விற்பனையாளர்களுள் ஒருவரானார்.

திறமையின் இருண்ட பக்கம்

பஃபலோவில் சில ஆண்டுகள் கழிந்தபின் நலிந்திருந்த ரோச்செஸ்டர் கிளையை வாட்சனிடம் ஒப்படைத்தனர். போட்டி நிறுவனத்தை அங்கிருந்து ஏறத்தாழத் துடைத்தெறிந்தார். அதற்கு அவர் கையாண்ட வழிகள் எல்லாம் நேர்மையானவை என்று கூற இயலாது. 1903இல் தலைமையகம் அவரை அழைத்து இரகசியப் பணி ஒன்றைத் தந்தது. பழைய பணப்பதிவு இயந்திரங்களை வாங்கி விற்கும் வணிகர்கள் பல நகரங்களில் இருந்தனர். அவர்களால் புதிய இயந்திரங்களின் விற்பனை பாதிக்கப்பட்டது. எனவே, நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு, நிறுவனத்துடன் தொடர்பில்லாத தனி வணிகரைப் போல் வாட்சன் கடை திறந்தார். பழைய இயந்திரங்களை அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றார். நட்டம் நிறுவனத்தைச் சேர்ந்தது. எதிர்த்து நிற்க முடியாத சிறு வணிகர்கள் கடையை விற்றுவிட்டு ஒதுங்கினர்.

வாடிக்கையாளரின் மனமறியும் அதே திறமை, போட்டியாளரின் பலவீனத்தை அறியவும் பயன்பட்டது. நம்பிக்கையூட்டும் அதே பேச்சு, உண்மையை மறைக்கவும் பயன்பட்டது. கத்தி பழமும் நறுக்கும், கையையும் அறுக்கும். விற்பனைத் திறனும் அத்தகையதே.

கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. 1890இல் இயற்றப்பட்ட ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 1913 பிப்ரவரியில் பேட்டர்சன், வாட்சன் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. வாட்சனுக்கு ஓராண்டுச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு செய்ததால் அவர் சிறைக்குச் செல்லவில்லை. அடுத்த மாதமே டேட்டன் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பேட்டர்சனின் தொழிற்சாலை படகுகள் செய்து மக்களை மீட்டது. வாட்சன் நியூயார்க்கிலிருந்து நிவாரணப் பொருள்களை அனுப்பி வைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜீனட் கிட்ரெட்ஜ் என்னும் பெண்மணியை மணந்தார்.

பேட்டர்சனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தம்மிடம் உயர்ந்தவர்களைத் திடீரென்று நீக்கிவிடுவார். வாட்சனுக்கும் அதுவே நேர்ந்தது. பதினேழு ஆண்டுகள் உழைத்த நிறுவனத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். வயது நாற்பது, 1914 ஜனவரியில் பிறந்த கைக்குழந்தை, தலைக்கு மேல் தொங்கும் சிறைத் தண்டனை. இந்நிலையில் அவர் மீண்டும் ஒரு முறை சரக்கு மாற்ற வேண்டியவரானார்.

புதிய நிறுவனம், புதிய பாடம்

சார்லஸ் ஃபிளின்ட் என்னும் தொழிலதிபர் 1911இல் பல நிறுவனங்களை இணைத்து ஒரே நிறுவனமாக்கியிருந்தார். விலையைக் கணக்கிட்டுக் காட்டும் தராசு, தொழிலாளர் வருகையைப் பதியும் கடிகாரம், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் இயந்திரம் ஆகியவை அதன் தயாரிப்புகள். மூன்றுக்கும் இடையே ஒட்டோ உறவோ இல்லை. கடன் சுமையோ அதிகம். 1914 மே மாதம் வாட்சன் அதன் பொது மேலாளரானார். சிறைத்தண்டனை பெற்றவரை எவ்வாறு நியமிப்பது என்று இயக்குநர் குழுவில் எதிர்ப்பு எழுந்தது. 1915இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த பின்னரே தலைவர் பதவி அவருக்கு வழங்கப்பட்டது.

துளையட்டை இயந்திரத்தை ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியாளர் உருவாக்கியிருந்தார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது முதன்முதலாகப் பெருமளவில் பயன்பட்டது. வாட்சன் பொறியாளர் அல்லர். அந்த இயந்திரத்தைப் பற்றி அவர் முன்னர் அறிந்ததும் இல்லை. இம்முறை அவர் உடனே விற்கப் புறப்படவில்லை. தொழிற்சாலைகளுக்குச் சென்றார், பணியாளர்களிடம் கேட்டார், வாடிக்கையாளர் அதனைப் பயன்படுத்தும் விதத்தைக் கவனித்தார். மூன்று தயாரிப்புகளுள் எதிர்காலம் இந்த இயந்திரத்திற்கே உண்டு என்ற முடிவுக்கு வந்தார். கடனில் மூழ்கியிருந்த நிலையிலும் ஆராய்ச்சிக்கென வங்கியில் மேலும் கடன் பெற்று, பொறியாளர்களை அமர்த்தி இயந்திரத்தை மேம்படுத்தினார்.

எது வந்தது? எது வரவில்லை?

நம் கேள்விக்கான விடையின் இதயப் பகுதி இதுவே. பழைய நிறுவனத்திலிருந்து வாட்சன் கொண்டுவந்தவை எவை? விற்பனையாளருக்குப் பயிற்சிப் பள்ளி, ஒவ்வொருவருக்கும் வரையறுத்த பகுதியும் ஆண்டு இலக்கும், இலக்கை எட்டியவரைச் சிறப்பிக்கும் குழு, தூய உடை, காலந்தவறாமை, சிந்திக்கத் தூண்டும் ஒற்றைச் சொல் வாசகத்தைச் சுவர்களில் எழுதி வைக்கும் வழக்கம். இவையெல்லாம் அப்படியே பொருந்தின. தராசாயினும் கடிகாரமாயினும் ஒழுங்கு ஒன்றே.

ஆனால் விற்கும் முறையை அப்படியே கொண்டுவர இயலவில்லை. பணப்பதிவு இயந்திரத்தை வாங்குபவர் தனி மனிதர். ஒரு மணி நேரத்தில் அவர் முடிவெடுக்கலாம். விற்றவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த கடைக்குச் செல்லலாம். துளையட்டை இயந்திரத்தை நாடியவையோ இரயில்வே நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பெரிய தொழிற்சாலைகளும் ஆகும். அங்கே முடிவெடுப்போர் பலர். மேலும் அந்த இயந்திரம் விற்கப்படுவதன்று; ஹாலரித் காலந்தொட்டு வாடகைக்கே விடப்பட்டு வந்தது. வாடகைப் பொருளில் விற்பனை என்பது ஒரு நாளில் முடிவதில்லை. இயந்திரம் பழுதுபட்டாலோ பயன் தராவிட்டாலோ வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எனவே விற்பனையாளர் அந்த நிறுவனத்தின் கணக்கு முறையையே பயின்று, எந்தப் பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்று ஆலோசனை கூறும் நிலைக்கு உயர வேண்டியிருந்தது. பேச்சாளர் மாணவராக மாற வேண்டியிருந்தது.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பேட்டர்சன் அச்சத்தைக் கொண்டு ஆண்டார். திறமையானவர்களை வெளியேற்றினார். அவரால் நீக்கப்பட்டு வேதனையுற்ற வாட்சன், புதிய நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்தவர்களைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார். பழைய முதலாளியிடமிருந்து எதைக் கொண்டுவர வேண்டும் என்பதைப் போலவே, எதை அங்கேயே விட்டுவர வேண்டும் என்பதையும் அவர் தேர்ந்தெடுத்தார்.

பேட்டர்சனிடம் பயின்ற வேறு சிலரும் துறை மாறினர். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஹியூ சால்மர்ஸ், மோட்டார் வாகனத் தொழிலுக்குச் சென்று தம் பெயரிலேயே நிறுவனம் நடத்தினார். தொடக்கத்தில் புகழ் பெற்றாலும் அந்நிறுவனம் 1920களுக்குப் பின் நிலைக்கவில்லை. ரிச்சர்ட் கிராண்ட் என்பவர் பணப்பதிவு இயந்திரத்திலிருந்து பண்ணை வீடுகளுக்கான மின் இயந்திரத்திற்கும், பின்னர்க் குளிர்சாதனப் பெட்டிக்கும், அதன்பின் செவ்ரோலே கார் விற்பனைக்கும் மாறி வெற்றி கண்டார். ஒரே பள்ளியில் பயின்றவர்களிலும் பலன் ஒரே விதமாக அமையவில்லை என்பதை இதனால் அறிகிறோம். விற்பனைப் பயிற்சி ஒரு நல்ல விதை. முளைப்பதும் முளைக்காததும் விழுகின்ற நிலத்தையும் பொறுத்தது.

உயர்வும் சறுக்கல்களும்

1924இல் நிறுவனத்தின் பெயர் இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ், சுருக்கமாக ஐ.பி.எம்., என மாற்றப்பட்டது. 1929க்குப் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியில் பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வாட்சனோ உற்பத்தியை நிறுத்தாமல் இயந்திரங்களைக் கிடங்குகளில் சேர்த்து வைத்தார். 1935இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் கணக்கை வைத்துக்கொள்ள உடனடியாக இயந்திரங்கள் தேவைப்பட்டன. தயாராக இருந்தது ஐ.பி.எம். மட்டுமே எனலாம். இதில் துணிவும் உண்டு. காலம் கைகொடுத்த நல்வாய்ப்பும் உண்டு. தம் சாமர்த்தியம் ஒன்றினால்தான் எல்லாம் நடந்தது என்று எந்த வணிகரும் கூறிக்கொள்ள முடியாது.

சறுக்கல்களும் தொடர்ந்தன. இயந்திரத்தை வாடகைக்கு எடுப்போர் அட்டைகளையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று விதித்த நிபந்தனை செல்லாது என 1936இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏகபோக நாட்டம் என்னும் பழைய நோய் புதிய துறையிலும் தொடர்ந்து வந்ததை இது காட்டுகின்றது. அதைவிடப் பெரிய கறை ஒன்றுண்டு. ஜெர்மனியிலிருந்த கிளை நிறுவனத்தின் இயந்திரங்கள் ஹிட்லர் ஆட்சியில் 1933ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்பட்டன. 1937இல் பெர்லின் சென்ற வாட்சன் அந்த அரசின் பதக்கத்தையும் ஏற்றார். போர் மூண்டு, கொடுமைகள் வெளிப்பட்ட பின், 1940இல் அதனைத் திருப்பி அனுப்பினார். யாருக்கு விற்கிறோம், அவர் அதனை எதற்குப் பயன்படுத்துவார் என்னும் கேள்வியை விற்பனைக் கையேடுகள் கேட்பதில்லை. அதனை மனிதர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதுமையில் இன்னொரு சோதனை வந்தது. மின்னணுக் கணினியின் காலம் பிறந்தது. 1890இல் துளையட்டையை வரவேற்ற அதே அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, 1951இல் வேறொரு நிறுவனத்தின் யூனிவாக் என்னும் கணினியை ஏற்றது. கண்ணால் காணத்தக்க அட்டையை நம்பிப் பழகிய வாட்சன், காந்த நாடாவில் கணக்கைப் பதிவதை ஏற்கத் தயங்கினார். அவருடைய மகன் இளைய வாட்சனே கணினித் துறையில் முனைந்து நின்று நிறுவனத்தைத் திருப்பினார். பல முறை சரக்கு மாற்றிய மனிதருக்கே இந்த மாற்றம் கடினமாயிருந்தது. நெடுநாள் வெற்றியும் ஒரு திரையாகிவிடுகின்றது. 1956 மே மாதம் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்த அவர், அடுத்த மாதம் 19ஆம் நாள் தமது 82ஆம் வயதில் காலமானார். ஏறத்தாழ 1,300 பேருடன் அவர் ஏற்ற நிறுவனத்தில் அப்போது 72,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர்.

நாம் பெறும் படிப்பினை

வாட்சனின் வாழ்க்கை தரும் விடையைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, எந்தத் துறைக்குச் சென்றாலும் கூடவே வருபவை உண்டு. மறுப்பைத் தாங்கும் மனம், காலந்தவறாமை, பிறர் கூறுவதைச் செவிமடுக்கும் பொறுமை, சொன்ன சொல்லைக் காத்தல் ஆகியவை அவை. ஜவுளிக்கடையில் இவற்றைக் கற்றவர் மருந்துத் துறையிலும் இழக்கமாட்டார்.

இரண்டாவது, கூட வராதவையும் உண்டு. சரக்கின் நுணுக்கம், வாங்குபவரின் தொழில், முடிவெடுப்பவர் யார் என்னும் அறிவு, பணம் புரளும் முறை ஆகியவை அவை. இவற்றைப் புதிதாகவே கற்க வேண்டும். சேலை வாங்க வருபவர் அரை மணியில் முடிவெடுப்பார். வீட்டுமனை வாங்குபவர் பத்திரம், வில்லங்கம், குடும்பத்தாரின் ஒப்புதல் என மாதக்கணக்கில் யோசிப்பார். முன்னவரிடம் பேசியதைப் போலவே பின்னவரிடம் பேசினால் தோல்வியே மிஞ்சும். துறை மாறும் இளைஞர்கள் முதல் சில மாதங்களை விற்பதற்கன்றிக் கற்பதற்கென ஒதுக்குவது நலம். அந்நாட்களில் விற்பனை குறைந்தால் மனந்தளர வேண்டியதில்லை. வாட்சனுக்கும் அந்நாட்கள் வெறுமையாகவே கழிந்தன. அந்நேரத்தில் உடன் நடந்து கற்பிக்கும் ஒரு ரேஞ்ச் தேவை. நம்மிடையே அனுபவம் மிக்க மூத்த வணிகர்கள் தம் துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு அத்தகைய துணையாக முன்வந்தால், அது பண உதவியினும் பெரிய உதவியாக அமையும்.

மூன்றாவது, நாம் அழைக்காமலே கூட வருபவை உண்டு. பழைய துறையில் பழகிய பொய்யும், மறைப்பும், போட்டியாளரை நசுக்கும் ஆசையும் புதிய துறைக்கும் நம்முடன் வண்டியேறிவிடும். சரக்கை மாற்றுவது எளிது. குணத்தை மாற்றுவதற்கே முயற்சி வேண்டும். வாடிக்கையாளர் நம்மீது வைக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம். அதனைக் காத்து நிற்பவருக்குச் சரக்கு எதுவாயினும் கடைவாசலில் ஆள் குறைவதில்லை.